பட்டன் போனுக்கு இன்னும் எத்தனை நாள்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அம்மா பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். கையில் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன். "2ஜியை மூடப்போகிறார்கள், இனி இது உதவாது" என்று சொல்லி, டவுனில் ஒரு கடைக்காரர் 14,000 ரூபாய் தொடுதிரை போனை எடுத்து நீட்டுகிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையும், அங்கே கிராமங்களில் பழைய செல்போன் சேவையை ஒரே நாளில் நிறுத்தியதாகச் சொல்கிறாள். வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். தங்கை சொல்வது பெரும்பாலும் சரி. கடைக்காரருக்குத்தான் அவசரம்.

அமெரிக்காவில் நின்றது அனலாக் சேவை, அதாவது டிஜிட்டலான 2ஜிக்கும் முந்தைய முதல் தலைமுறை செல்போன் சேவை. 1983-இல் சிகாகோவில் தொடங்கியது அது. அதைத் தொடர்ந்து தந்தாக வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்கு இருந்த கட்டாயம் 2008 பிப்ரவரி 18-உடன் முடிந்தது. ஆனால் அந்த முடிவை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2002-இலேயே எடுத்து, ஐந்து ஆண்டு அவகாசமும் கொடுத்திருந்தது. நகரத்துக்காரர்கள் அதற்குள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள். கடைசி வரை அனலாக்கை விடாமல் பிடித்திருந்தவர்கள் கிராமத்துக்காரர்கள். பழமைப் பிடிப்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. காரில் பொருத்திய அனலாக் போன் 3 வாட் சக்தியில் இயங்கியது. கையடக்க போனுக்கு 0.6 வாட்தான். டவர் எங்கோ தொலைவில் இருக்கிற பண்ணைக்காரர் எதை நம்புவார்?

நம் நாட்டில் செல்போன் வந்ததே டிஜிட்டலாகத்தான். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசிய முதல் அழைப்பும் அப்படித்தான். அதனால் இங்கே மூடுவிழா வரிசையும் வேறு. ஏர்டெல் முதலில் மூடியது 3ஜியை, 2ஜியை வைத்துக்கொண்டது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தம்பி போய்ச் சேர்ந்த கதை. 2ஜியை மூட அரசு நாள் எதையும் குறிக்கவில்லை. அதை நிறுவனங்களின் வணிக முடிவாகவே விட்டிருக்கிறது. 25 கோடிப் பேர் 2ஜி போன் வைத்திருப்பதாக 2023-இல் ஜியோவே சொன்னது. இத்தனை வாடிக்கையாளர்களை எந்த நிறுவனமும் ஒரே இரவில் கைகழுவாது என்பது என் கணிப்பு.

அம்மாவின் போன் வேலை செய்கிறவரை அப்படியே இருக்கட்டும். அது பழுதானால் 4ஜி பட்டன் போன் வாங்குங்கள். பச்சைப் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவருடைய கட்டைவிரலுக்குத் தெரியும். அதைக் கெடுக்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் '4ஜி' என்று இருந்தால் மட்டும் போதாது, 'வோல்டிஇ' (VoLTE) என்றும் இருக்க வேண்டும். குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போகும் வசதி அது. 999 ரூபாய்க்கு அறிமுகமான ஜியோ பாரத் போனில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். எந்த போனானாலும், வாங்கும் முன் அதில் போடப்போகிற நிறுவனத்தின் சிம் உள்ள ஒரு போனை யாரிடமாவது வாங்கிப்போய், அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், வீட்டுக்குள்ளேயே பேசிப் பாருங்கள். கடை வாசலில் நான்கு கோடும் காட்டும். அதை நம்பிப் பயனில்லை.

கேள்வி: ஸ்ரீமுஷ்ணம் அருகே நிலம். மோட்டார் கொட்டகையில் போன் மூலம் இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அதிலிருந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். அன்றிலிருந்து மோட்டார் என் அழைப்புக்கு அசைவதே இல்லை. கடைக்காரர் கையை விரிக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குக்கு முன் ஒரு சோதனை. அந்த சிம்மைக் கழற்றி உங்கள் ஆண்ட்ராய்டு போனில் போடுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் வகையை '2ஜி மட்டும்' என்று மாற்றி, கொட்டகைக்குள் நின்று பாருங்கள். 'சேவை இல்லை' என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புழக்கத்தில் உள்ள பழைய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் இருப்பது 2ஜி மட்டுமே அறிந்த மாட்யூல், அதாவது சிக்னலைப் பிடிக்கும் உட்பகுதி. 2016-இல் வந்த ஜியோ போன்ற நிறுவனத்திடம் 2ஜி என்பதே கிடையாது. உங்கள் தொடுதிரை போனில் நான்கு கோடு காட்டும் அதே சிம், ஸ்டார்ட்டருக்குள் போனால் வெறும் பிளாஸ்டிக் துண்டு.

2ஜி வருவதாகக் காட்டினால், ரீசார்ஜ் முடிந்து உள்வரும் அழைப்பு நின்றிருக்கிறதா என்று பாருங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

பழைய நிறுவனத்துக்கு உடனே திரும்ப முடியாது. எண்ணை மாற்றிய பிறகு 90 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை பயிர் தண்ணீருக்குக் காத்திருக்குமா? கொட்டகையில் 2ஜி எடுக்கிற நிறுவனத்தின் புதிய சிம் ஒன்று வாங்கிப் போட்டு, புது எண்ணுக்கு அழையுங்கள். ஸ்டார்ட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அடுத்து வாங்கும்போது 4ஜி மாட்யூல் உள்ளதா என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் அடிபட்டதும் இந்த இடத்தில்தான். போன் வைத்திருந்தவர்கள் போனை மாற்றிக்கொண்டார்கள். காருக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய ஆன்ஸ்டார் அவசர உதவிக் கருவியும், வீட்டுச் சுவரில் திருட்டு அலாரமும் அனலாக்கில் பேசிக்கொண்டிருந்தன. அனலாக் மட்டுமே தெரிந்த கார்களுக்கு 2007 இறுதியோடு அந்தச் சேவை நின்றது. சில கார்களில் மாற்றிப் பொருத்தவும் வழியில்லை. கையில் இருக்கிற போனை நாம் தினமும் பார்க்கிறோம். சுவரில் திருகி வைத்த பெட்டியை நின்றுபோகிற அன்றுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

வழக்கு? "எந்த சிம்மும் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னதற்கு பில்லோ, விளம்பரத் தாளோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் போடலாம். இல்லையென்றால் உங்கள் பக்கம் பலவீனம்தான். சிம்மை மாற்றியது நீங்கள்.

கேள்வி: நான் இருப்பது பாகூர். கடலூரில் வாங்கிய 4ஜி போனில் யாருடனாவது பேசத் தொடங்கினால் இணையம் நின்றுவிடுகிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள். புகார் எங்கே கொடுப்பது, கடலூரிலா புதுச்சேரியிலா?

பதில்: பேசும்போது இணையம் அறுபடுகிறது என்றால் பெரும்பாலும் அழைப்பு 2ஜிக்கு இறங்குகிறது என்று பொருள். செட்டிங்ஸில் வோல்டிஇ அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வசதியே இல்லாமல், பெட்டியில் மட்டும் இருப்பதாக அச்சடித்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். அதனால் புதுச்சேரியே போதும், வாய்தாவுக்கெல்லாம் கடலூருக்கு பஸ் ஏற வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். குறை போனில் இல்லாமல் தொலைபேசி நிறுவனத்தின் சேவையில் இருந்தாலும் இதே ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன் அந்த நிறுவனத்திடம் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டன் போனுக்கும் டேட்டா சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. குரலும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 365 நாள் வரை செல்லுபடியாகும் பேக் தரவும் இடமுண்டு. கடையில் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். "டேட்டா இல்லாத பேக்" என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்றால் அந்த நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.