மே மாதக் கடைசியில் மாலத்தீவு: கடல் எப்படியிருக்கும்?

கேள்வி: மே மாதக் கடைசி வாரத்தில் 68 வயதான என் தாயாரையும் 7 வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஐந்து நாள் பயணமாக மாலத்தீவு செல்ல எண்ணியிருக்கிறோம். அந்த வாரத்தில் தங்கும் கட்டணம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் கைப்பேசிச் செயலி, ஒரு மாதத்துக்கு முன்பே, ஐந்து நாளும் இடிமழை என்று காட்டுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, வேகப்படகு ஒத்துக்கொள்ளுமா? மாஃபுஷி, தரவந்தூ ஆகிய இரண்டு தீவுகளில் எது நல்லது? மான்டா எனப்படும் ஆனைத்திருக்கையைப் பார்க்க முடியுமா?

பதில்: பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் தேதியை மூன்று நான்கு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்து, ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரத்தில் போக முடியுமானால் அதையே நான் பரிந்துரைப்பேன். தேதியை மாற்ற முடியாதென்றால், உள்நாட்டு விமானக் கட்டணம் கட்டுப்படியாகும் நிலையில் தரவந்தூவையும், படகில்தான் போக வேண்டும் என்ற நிலையில் மாஃபுஷியையும் தேர்ந்தெடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இடிமழைப் படத்தை மறந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு அப்பால் செயலி காட்டுவது பெரும்பாலும் அந்தப் பருவத்தின் சராசரியே தவிர முன்னறிவிப்பு அல்ல. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு பார்த்தாலும் அது முழு உண்மையாகிவிடாது. ஏனெனில் கணினி மாதிரிகள் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகக் கடலைப் பிரித்துக் கணக்கிடுகின்றன, மாலத்தீவின் மனிதர் வாழும் தீவுகளோ பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கட்டத்துக்குள் எங்கோ கடலில் பெய்யும் மழையும் உங்கள் தீவின் மழையாகவே காட்டப்படும். மேகத்தைத் தடுத்து நிறுத்த அங்கே மலையும் கிடையாது; நாட்டின் மிக உயரமான இயற்கை நிலமே இரண்டரை மீட்டருக்குள்தான். ஆகவே வழக்கமான நாட்களில் மழை இருட்டிக்கொண்டு வரும், அரை மணி நேரம் கொட்டும், பிறகு வெயிலடிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மே மாதத்தில் அரபிக்கடலிலோ வங்கக்கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மாலத்தீவின் மேல் மேற்குக் காற்றை வலுவாக இழுக்கும். இரண்டு மூன்று நாள் வானம் திறக்காது. 2021 மே மாதம் லட்சத்தீவுப் பகுதியில் உருவான டவ்-தே புயலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் புயல் நேரடியாகத் தாக்குவது மாலத்தீவில் மிக அரிது, ஆனால் அதன் விளிம்புக் காற்றுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

உண்மையில் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப்போவது மழையல்ல, காற்றும் அலையும்தான். வடக்கே ஏறத்தாழ 7 பாகையிலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கு வரை 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்தத் தீவுச் சங்கிலியில் காற்று ஆண்டுக்கு இரு முறை திசை மாறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வாடைக் காற்று, வறண்ட வானம், அமைதியான கடல்; அதை அவர்கள் இருவை என்கிறார்கள். மே நடுப்பகுதியிலிருந்து மேற்கும் தென்மேற்குமாக வீசுவது ஹுளங்கு, நம் கரையோரத்தில் கச்சான் என்போமே, அதே காற்று. இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதம் ஏப்ரல் என்பதால் அப்போது காற்று ஓய்ந்திருக்கும்.

மாலத்தீவு மீனவர்கள் ஆண்டை 27 நட்சத்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள் ஒதுக்கி, நக்கை என்ற பெயரில் ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் காலத்தை நாம் கத்திரி என்று கணக்கிடும் முறைதான் அதன் அடிப்படையும். நீங்கள் குறிப்பிடும் வாரம் அதில் ரோனு, அதாவது ரோகிணி. பலத்த காற்றும் கொந்தளிப்பும் உள்ள காலமாக அது எண்ணப்படுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இது தவறலாம் என்றாலும், தூத்துக்குடியிலிருந்து மாலேக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள் தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவைப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய கணக்கை ஒதுக்கித்தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அலை என்றதும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். அங்கே இரண்டு வகை அலைகள் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்று, அன்றைய மேற்குக் காற்று எழுப்பும் குறுகிய, நெருக்கமான அலை. படகைக் குலுக்குவது இதுதான். இது அட்டோல் எனப்படும் பவளத்தீவு வளையத்தின் மேற்கு விளிம்பில் பெருமளவு உடைந்துவிடுவதால் உட்புறக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். மற்றொன்று, தெற்கே வெகு தொலைவில் உருவான புயல்கள் அனுப்பும் நீண்ட அலை. பதினைந்து வினாடிக்கு ஒரு முறை மெதுவாக வரும் இது வளைந்து கிழக்கு விளிம்பையும் அடிக்கும்; அதனால்தான் அலைச்சறுக்கு வீரர்கள் இந்தப் பருவத்தில் மாலே அட்டோல்களின் கிழக்குப் பக்கத்தைத் தேடி வருகிறார்கள். காற்றே இல்லாத வெயில் நாளிலும் இது வரக்கூடும். 1987 ஏப்ரலில் மாலே நகரிலும், 2007 மே நடுப்பகுதியில் பல தீவுகளிலும் கடல் புகுந்தது இந்த வகை அலையால்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுகிறார்களே, அதுவும் இதே இனம்தான். எனவே உங்கள் மகள், திறந்த கடலைப் பார்க்கும் பக்கத்தில் இறங்காமல், பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற நீரில் மட்டும் குளிக்கட்டும். திட்டின் மேல் உடைந்து உள்ளே வரும் நீர் அதன் இடைவெளிகள் வழியாகத்தான் வெளியேறும். அந்த இடைவெளிகளின் அருகே நீந்தக் கூடாது.

இனி தாயாரின் படகுப் பயணம். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு வேகப்படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அதில் சிரமமான பகுதி வட மாலே, தென் மாலே அட்டோல்களுக்கு இடையிலுள்ள வாதூ கால்வாய். திறந்த கடல் அங்கே நேராக உள்ளே வருகிறது. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இழுத்தால் அலை செங்குத்தாக எழும், படகின் முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். தாயாரைப் படகின் பின்பகுதியில், நடுவை ஒட்டிய இருக்கையில் உட்காரவையுங்கள். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்டல் தொடங்கிய பின் கொடுத்துப் பெரும் பயனில்லை. முழங்கால் வலிக்கு, ஓடும் படகைவிடப் படித்துறையில் கட்டிய படகுதான் ஆபத்து: அது ஏறி இறங்கும்போது காலை வைக்க நேரும். ஊழியர் இருவர் கைபிடிக்கும்வரை அவசரப்பட வேண்டாம்.

தரவந்தூவோ மாலேக்கு வெகு வடக்கே, பா அட்டோலில் இருக்கிறது. படகில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும், இடையில் திறந்த கடலும் உண்டு; இந்தப் பருவத்தில் 68 வயதுக்காரரை அதில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் தீவிலேயே விமான நிலையம் இருப்பதால், பன்னாட்டு விமானத்திலிருந்து இறங்கி உள்நாட்டு விமானம் மாறினால் அரை மணிக்குள் போய்விடலாம். தொலைவான தீவுதான் தாயாருக்கு எளிதான தீவு என்பது விந்தையாகத் தோன்றலாம், கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஆனைத்திருக்கைக்காக மட்டும் தரவந்தூ போவதாக இருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அருகிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூடுவது ஜூன் முதல் நவம்பர் வரை. மேற்குக் காற்று தள்ளும் நீரோட்டம் அவற்றின் உணவான மிதவை உயிர்களைக் கிழக்குப் பக்கம் கொண்டுசேர்க்கும் மாதங்கள் அவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வாய்ப்பு கூடும். மே கடைசியில் ஒன்றிரண்டு தென்பட்டால் அதிர்ஷ்டம் என்று கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து காற்றின் வேகத்தைப் பாருங்கள். 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) வரை இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. 15 முதல் 20 நாட் வரை, அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர் வரை, போகலாம், ஆனால் தாயாருக்குச் சிரமமாக இருக்கும். அதற்கு மேல் என்றால் படகோட்டி சம்மதித்தாலும் நீங்கள் மறுத்துவிடுங்கள். மாலத்தீவு வானிலைத் துறை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் வந்தாலே அன்றைய படகைத் தள்ளிவையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை மாலேயிலோ விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலோ கழிப்பது போல் அறையைப் பதிவுசெய்துவிட்டால், கடைசி நாள் கடல் சீறினாலும் விமானத்தைத் தவறவிடமாட்டீர்கள்.