போனில் எழுதிய IQ தேர்வில் மகளுக்கு முதலில் 104, இரண்டாம் முறை 117: எதை நம்புவது?

எதையும் தனியாக நம்ப வேண்டாம், இரண்டுமே ஒரே பிள்ளைக்கு வரக்கூடிய எண்கள்தான். தேர்வின் நம்பகத்தன்மை (முடிவு எவ்வளவு நிலையாக வருகிறது என்பதன் அளவு, உச்சம் 1) 0.90 என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள்; திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 15 என்றால், 1-இல் 0.90 போக மீதி 0.10-இன் வர்க்கமூலத்தை 15-ஆல் பெருக்குங்கள், 4.7 வரும். அதுதான் அளவீட்டுப் பிழை. அதைப்போல் சுமார் இரு மடங்கு, அதாவது ஒரு மதிப்பெண் பெரும்பாலும் இருபக்கமும் 9 வரை ஆடும், இரண்டு தடவை எழுதினால் 13 வித்தியாசம்கூட வெறும் தற்செயலாக வரலாம்.

ஆனால் ஏறியிருக்கிறதே, அதற்குத் தற்செயலோடு பழக்கமும் காரணமாக இருக்கலாம். அதே கேள்விகள், அதே போன், கீழக்கரையில் அதே வீடு.

ஒன்று பாருங்கள்: அந்த 0.90 க்ரான்பாக் ஆல்ஃபாவா, மறுதேர்வு ஒட்டுறவா (அதே ஆட்கள் மறுபடி எழுதும்போது மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது)? ஆல்ஃபா என்றால் ஒரே அமர்வில் கேள்விகள் தமக்குள் ஒத்துப்போவதை மட்டும் காட்டும், அடுத்த வாரம் என்ன வரும் என்று சொல்லாது. நேரக் கெடு வைத்த தேர்வில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகவும் தெரியும். மறுதேர்வு என்றால் எத்தனை பேர், எத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

அப்புறம், நம்பகம் வேறு, சரி வேறு. மண்டபம் ஊரில் மீன் எடைபோடும் தராசு எப்போதும் 200 கிராம் கூடக் காட்டினாலும் நம்பகமானதுதான்! பள்ளிக்குக் கொடுக்கத்தான் என்றால், ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள், உளவியலாளர் நேரில் எடுப்பதே செல்லும்.