ஒரே தோப்பு, மூன்று விலை

நிலம் - மனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் 42 சென்ட் மாந்தோப்பை விற்க ஒரே ஒரு புரோக்கரிடம்தான் சொன்னேன். சென்ட் 60 ஆயிரம் என்றேன். இப்போது வாட்ஸ்அப் குரூப்களில் 60, 65, 72 என்று மூன்று விலையில் சுற்றுகிறது. பார்ட்டி மட்டும் யாரும் வரவில்லையே?

பதில்: நீங்கள் ஒருவரிடம் சொன்னீர்கள், அவர் குரூப்பில் போட்டார். அதில் தப்பில்லை, நம் பக்கம் நிலம் அப்படித்தான் கை மாறுகிறது. அமெரிக்காவில் தரகர்கள் எல்லாரும் பார்க்கிற பொதுப் பட்டியல் உண்டு. யார் எடுத்துக் காட்டினாலும் அதே விலை, அதே விவரம். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஃபார்வர்டு செய்கிற ஒவ்வொருவரும் முந்தையவரின் போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடுகிறார், தன் பங்குக்குக் கொஞ்சம் 'மேலே வைக்கிறார்'. வர்ணனையும் வளரும். 12 அடி மண் வழி, மூன்றாவது கைக்குப் போகும்போது '20 அடி ரோடு' ஆகியிருக்கும். வாங்க நினைப்பவர் மூன்று விலையையும் பார்த்துவிட்டு, 'பங்காளித் தகராறு போல' என்று ஒதுங்கிவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது: விவரத்தை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிராமம், பரப்பு, வழியின் அகலம் (டேப் வைத்து அளந்தது), போர்வெல்லின் ஆழம், மின் இணைப்பு, மரங்களின் எண்ணிக்கை, சொல்லும் விலை, கடைசி வரியில் தேதி. 'இந்த விலை இம்மாதம் வரை' என்று ஒரு வரி இருந்தால் பழைய மெசேஜ் தானாகச் செத்துவிடும். எந்த விலைக்கு இறங்குவீர்கள் என்பதை மட்டும் புரோக்கரிடம்கூடச் சொல்லாதீர்கள். அவருக்கு 60 நாள் தனி உரிமை கொடுங்கள். பதிலுக்கு 'மேலே வைக்கக் கூடாது, கமிஷன் மட்டும்' என்று எழுத்தில் வாங்குங்கள்.

தாய்ப் பத்திரத்தின் ஜெராக்ஸை குரூப்புக்கு அனுப்பவே வேண்டாம். அதில் கையெழுத்து, புகைப்படம் எல்லாம் இருக்கும். சிட்டாவும் புலப்படமும் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) போதும். யாருக்காவது பத்திர நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், 'பார்வைக்கு மட்டும்' என்று எழுத்தின் மேலேயே குறுக்காக எழுதித் தேதி போடுங்கள். தோப்பின் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரண படமாகவே அனுப்புங்கள். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போக வாய்ப்புண்டு.

கேள்வி: ஓசூரில் ஒரு இடத்தை பெங்களூர் புரோக்கர் '4 குண்டா' என்கிறார், உள்ளூர்க்காரர் '10 சென்ட்' என்கிறார், பட்டாவில் 0-04.05 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: மூன்றும் ஒன்றுதான். ஒரு குண்டா 1,089 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக 4 குண்டாவும் 10 சென்ட்டும் 4,356 சதுர அடி. பட்டாவில் இருப்பது ஹெக்டேர் - ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். 4.05-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 10 வரும். விலை பேசும்போது 'குண்டாவுக்கா, சென்ட்டுக்கா' என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேளுங்கள். குழம்பினால் இரண்டரை மடங்கு வித்தியாசம்.

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு நிலம் பிடித்திருக்கிறது. சர்வே நம்பர் கேட்டால் புரோக்கர் 'அப்புறம் பார்க்கலாம்ங்க' என்கிறார். சந்தேகப்படலாமா?

பதில்: நம்பர் தெரிந்தால் நேராக ஓனரிடம் போய்விடுவீர்கள் என்ற பயம் அவருக்கு. நியாயம்தான். நிலத்தை அவர்தான் காட்டினார் என்று தேதியோடு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அதன் பிறகும் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம்பர் கிடைத்ததும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் எடுங்கள். விற்பவர் பெயர்தான் பட்டாவில் இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். அ-பதிவேட்டில் புறம்போக்கு, நிபந்தனைக்கு உட்பட்ட ஒப்படை என்று ஏதாவது இருந்தால் நில்லுங்கள்; பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒதுக்கியது) குறைந்த விலைக்கே வரும், ஆசைப்பட வேண்டாம். புலப்படத்தில் பாதை உங்கள் எல்லை வரை வருகிறதா, பக்கத்துக்காரர் நிலத்தோடு நின்றுவிடுகிறதா?

அடுத்து பதிவுத்துறை தளத்தில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 112/3பி என்று மட்டும் போட்டுத் தேடுவார்கள். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பத்திரங்கள் 112/3-இல் இருக்கும். இரண்டுக்கும் எடுங்கள். பதிவாகாத உயில் எந்த வில்லங்கத்திலும் வராது; அதற்கு வாரிசுச் சான்றோடு ஊரில் நாலு பேரை விசாரிப்பதுதான் வழி.

கேள்வி: தர்மபுரி அருகே ஒரு லேஅவுட் விளம்பரம் குரூப்பில் வந்தது. அனுமதி பெற்றது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில்: 500 சதுர மீட்டருக்கு மேல், எட்டு மனைக்கு மேல் உள்ள புது மனைப் பிரிவு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும், அதை விற்கும் ஏஜென்ட்டுக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். எண்ணை ரெரா தளத்தில் போட்டு ஊர், சர்வே நம்பர் பொருந்துகிறதா பாருங்கள். அடுத்த லேஅவுட்டின் எண்ணைப் போட்டு ஓட்டுவதும் நடக்கும். 'அன்அப்ரூவ்டுதான், பரவாயில்லை' என்றால், 20.10.2016-க்கு முன் அது மனையாகப் பதிவானதா என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு புரோக்கர்கள் சேர்ந்து முடித்தால் கமிஷன் யாருக்கு?

பதில்: உங்கள் பக்க ஆளுக்கு மட்டும். பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம். அவர்களுக்குள் பிரிப்பது அவர்கள் பாடு. கமிஷன் எவ்வளவு என்பதை, இடம் பார்க்கப் போகும் முன்பே பேசிவிடுங்கள். டோக்கன் அட்வான்ஸை ஓனர் பெயருக்கே செக்காகக் கொடுங்கள். நில விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விழுவது விற்பவர் தலையில்.