அஞ்ச வேண்டியது வைரஸின் வகைக்கு அல்ல

அக்கா மகளுக்குக் கொடுக்கும் எச்.ஐ.வி. மருந்து வீணாகிறதோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மருந்து வீணாகவில்லை. அவளுக்கு இருப்பது எச்.ஐ.வி.-1 வைரஸின் 'சி' துணை வகை என்று அறிக்கை கூறுவதும், மருந்துகள் யாவும் மேலை நாடுகளில் மிகுந்துள்ள 'பி' வகைக்காகவே செய்யப்பட்டவை என்று இணையத்தில் நீங்கள் படித்ததும் சேர்ந்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பது 'சி' வகைதான். எட்டு வயதான அக்குழந்தை உட்கொள்ளும் டோலுடெக்ராவிர் கூட்டு மருந்து அதையும் நன்றாகவே அடக்கும். நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகள் இயல்பிலேயே பயன்படாத எச்.ஐ.வி.-2 வேறு வைரஸ். அது இவளுக்கு இல்லை.

ஒரே உடலில் வைரஸின் பல வடிவங்கள் எப்படி என்ற உங்கள் ஐயத்துக்கு வருகிறேன்; அதுவும் வியப்பன்று. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது பெரும்பாலும் ஓரிரு வடிவங்களே. ஆனால் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது பிழை திருத்தும் வழி அந்த வைரஸுக்கு இல்லாததால், ஆண்டுகள் செல்லச் செல்ல, சற்றே வேறுபட்ட வைரஸ்களின் கூட்டமாக அது பெருகிவிடுகிறது. வைரஸின் பெருக்கத்தை மருந்து அடக்கி வைத்திருக்கும் வரை இந்த வேறுபாடு வளர வாய்ப்பு மிகக் குறைவு.

என்னைக் கவலைப்பட வைத்தது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் எண். முன்பு கண்டறிய முடியாத அளவில் இருந்த வைரஸ் எண்ணிக்கை இப்போது 4,200. அதற்கு மேல் வரியிலேயே, மாத்திரை 'சூடு' என்பதால் வாரம் ஒரு நாள் அதற்கு ஓய்வு தருவதாகவும், உடல் தேற இரும்பு, கால்சியம் கலந்த டானிக்கை வெறும் வயிற்றில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு இதைத் தொடங்கினீர்கள்? அந்தத் தாதுக்கள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கும். இரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கும்போது வைரஸ் பெருகினால், அந்தக் கூட்டத்தில் மருந்துக்கு அடங்காதவை மட்டும் பிழைத்துத் தழைக்கும். இயற்கையான பல்வகைமை உண்மையான ஆபத்தாக மாறுவது அப்போதுதான்.

ஓய்வு நாளை இன்றே நிறுத்துங்கள். டானிக்கை மருத்துவர் பார்க்கும் வரை கொடுக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக மாற்றவோ கூட்டவோ கூடாது. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு இந்த வாரமே அவளை அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது என்பதால், வளர்ந்த எடைக்கு அளவு போதுமா என்பதை அங்கே பார்ப்பார்கள். தவறாமல் மருந்து கொடுத்து, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மீண்டும் சோதித்தும் எண் 1,000-க்கு மேலேயே நின்றால், மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்து அடுத்த மருந்தை முடிவு செய்வார்கள்.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டுக்கும் பதில்: ஒரே தட்டில் உண்பதால் அவள் தம்பிக்குத் தொற்றாது. அவளுடைய முழங்கை அரிப்பை அதே வருகையில் காட்டினால் போதும். டானிக் பாட்டிலையும், மாத்திரை தவறிய நாள்களை மறைக்காமல் எழுதிய தாளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.