முடியைக் கொடுத்தால் காட்மியம் தெரியுமா?

கேள்வி: என் கணவர் இருபது வருடமாக தினம் பத்து சிகரெட் பிடிக்கிறார். புகையில் ஈயம், காட்மியம் எல்லாம் இருக்கிறதாமே? தலைமுடியை வைத்து உடம்பில் ஏறிய அளவைச் சொல்லிவிடலாம், பிறகு டிரிப்ஸ் போட்டு இறக்கிவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். செய்யலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. புகை பிடிப்பவரின் முடியில் அந்தப் புகையே படிந்திருக்கும். உள்ளிருந்து வந்தது எது, வெளியே ஒட்டியது எது என்று பிரிக்க முடியாது.

புகையில் உலோகம் இருப்பது உண்மை. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இழுத்து இலையில் சேர்க்கும். ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, 35 மில்லி என்று சிகரெட்டை இழுக்கும். புகை படிகிற வெள்ளை வில்லை, நாலைந்து சிகரெட்டிலேயே டிகாக்‌ஷன் கறை மாதிரி பழுப்பாகிவிடும். அதை அமிலத்தில் கரைத்து அளப்போம். ஆனால் உங்கள் கணவர் இயந்திரம் போலவா இழுக்கிறார்? ஃபில்டரில் வெளிக்காற்று கலக்கும் ஊசித்துளைகளை விரல் மூடிக்கொள்ளும், இழுப்பும் ஆழம். அதனால் சிகரெட்டைச் சோதித்து அவர் உடம்பைச் சொல்ல முடியாது.

ரத்தத்தில் காட்மியம் பாருங்கள், அது சமீபத்தியது. சிறுநீரில் பார்ப்பது பல வருடச் சேமிப்பு.

இங்கேதான் பொறி. சிலர் முதலில் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு சிறுநீர் எடுப்பார்கள். அந்த மருந்து கொடுத்தால் யாருக்குமே உலோகம் கூடுதலாக வெளியேறும். அதைச் சாதாரண அளவோடு ஒப்பிட்டு, சிவப்பு மையில் அச்சடித்து, பத்து டிரிப்ஸ் விற்பார்கள். தவறான மருந்து ஏற்றி, கால்சியம் சட்டென்று இறங்கி உயிர் போனதும் உண்டு.

ஆர்சனிக்கும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் மீன் இல்லாத நாள் ஏது? கடல்மீன், இறால், நண்டு மூன்றிலும் ஒருவகை ஆர்சனிக் உண்டு. அது தீங்கில்லாதது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் மொத்த ஆர்சனிக் சோதனை அதையும் சேர்த்தே எண்ணும். முந்தின நாள் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டவருக்கு விஷம் ஏறியதாக அறிக்கை வரும். ஐந்து நாள் மீனை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். கருவாடும் கூடாது.

இதையெல்லாம் மக்கள் ஏஜென்ட்டிடம் கேட்கும் நிலை ஏன்? 2003-ம் வருடப் புகையிலைச் சட்டம் நிக்கோட்டினையும், ‘தார்’ எனும் புகைக் கறையையும் அளக்கச் சொன்னதோடு நின்றுவிட்டது. இத்தனை வருடமாகியும் காட்மியத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அவர் இன்றே நிறுத்தினால் ரத்தத்தில் உள்ளது சில மாதங்களில் குறையத் தொடங்கும். சிறுநீரகத்தில் சேர்ந்தது பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.