மூடுபனிக்குக் கரி பூச வேண்டாம்

கேள்வி: ஏற்காடு போகும்போதெல்லாம் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை மூடுபனியோடு கரியில் வரைகிறேன். தூரத்து மரம், கிட்டத்து மரம் எல்லாம் ஒரே சாம்பல் கலராகக் குழம்பிவிடுகிறது. ரப்பர் போட்டாலும் போவதில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் கையில் இருக்கும் கரியைப் பாருங்கள். சார்கோல் பென்சிலும் கட்டையான சதுரக் குச்சியும் பெரும்பாலும் கரித்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தவை. அட்டகாசமான கறுப்பு தரும். ஆனால் தாளில் ஏறிவிட்டால் முழுசாக இறங்காது. கடையில் வில்லோ சார்கோல் என்று கேளுங்கள். சுள்ளியை அப்படியே கரியாக்கியது, பசை கிடையாது. துணியால் தட்டினாலே பாதி உதிர்ந்துவிடும். படத்தில் முக்கால் பங்கை இதிலேயே முடித்துவிடலாம்.

விரலால் தேய்க்கிறீர்களா? உடனே நிறுத்துங்கள். தோலில் இருக்கும் எண்ணெய் தாளில் படிந்தால் அந்த இடம் கரியைக் கவ்விக்கொள்ளும், பிறகு திட்டாகத் தெரியும். பழைய பருத்தித் துணி போதும். தூளை வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் துளி பட்ட இடம் புள்ளியாக நிற்கும். பலகையைச் சாய்த்துத் தட்டிவிடுங்கள்.

தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) குறையாமல், லேசான சொரசொரப்போடு இருக்கட்டும். வழவழப்பான சார்ட் தாளில் கரி பிடிக்காது. மலையில் பனி இறங்கினால் தாளும் ஈரம் வாங்கும். ஈரத் தாளில் கரி திட்டுத்திட்டாக ஒட்டும், அழித்தால் மேல்பரப்பு உரியும். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வரையுங்கள்.

இனி மூடுபனி. உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூடக் கறுப்பு வெளுத்துப்போகிறது. அங்கே நிற்பது மரம் என்று நமக்குத் தெரியும், அதனால் கை தானாக அழுத்திவிடுகிறது. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், தூரத்து மரத்தில் கறுப்பே இருக்காது. பனிக்கு உரியது தாளின் வெள்ளைதான். அதைப் பிற்பாடு ரப்பரால் மீட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள், முதலிலேயே விட்டுவையுங்கள்.

நான்கு நிலை போதும். பனி, வெறும் தாள். தூரத்து வரிசைக்குக் குச்சியால் வரையாதீர்கள். கரி தோய்ந்த துணியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, அவ்வளவுதான். அடிமரத்தைத் தரைவரை கொண்டுபோகாமல் பாதியில் கரைய விடுங்கள். நடு வரிசைக்குக் குச்சியை 2 செ.மீ. அளவு ஒடித்து, படுக்கவைத்து இழுங்கள். விளிம்புக்கோடு வேண்டாம். பசை சேர்த்து அழுத்திச் செய்த கரியின் முழுக் கறுப்பு முன்னால் நிற்கும் ஒரு மரத்துக்கு மட்டும். அதில் மிளகுக்கொடி ஏறியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்! அடிமரத்தின் நேர்க்கோடு உடைந்து, இலைகளால் ஓரம் பிசிறு தட்டும். அந்தப் பிசிறுதான் மரத்தைக் கிட்டே கொண்டுவரும். கீழே காபிச் செடியின் பளபளப்பான இலைகளுக்கு, இருட்டைப் போட்டுவிட்டு, நீடபிள் இரேசர் எனும் பிசையும் ரப்பரைக் கூராக்கி ஒளியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தேய்க்கக் கூடாது.

கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை மலையில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் அது வெண்படலமாக உறையக்கூடும். பட்டர் பேப்பரை மேலே வைத்து, நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, நகராமல் சேலத்துக்குக் கொண்டுவாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் தாள் உரசினால் நடு வரிசை காணாமல் போய்விடும். வெயில் காய்கிற நாளில், காற்றோட்டமான இடத்தில், 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். காய்ந்தபின் இன்னொரு முறை. ஸ்ப்ரே பட்டால் வெளிர் சாம்பல் சற்றுக் கறுக்கும், ஆகவே தூரத்து வரிசையை நீங்கள் நினைப்பதைவிட ஒரு மாற்று வெளிறலாகவே விட்டுவையுங்கள்.