வாய் வறட்சியும் தடுமாற்றமும் மாத்திரையால் வரலாம்

தங்கச்சி, பொகவந்தலாவையில் இருக்கும் 68 வயது அம்மாவுக்கு, சிறுநீர் அடக்க முடியாததற்கு ஒக்சிபியூட்டினின் மாத்திரை தொடங்கிய பிறகு நாக்கு ஒட்டுகிறது, மலம் இறுகிவிட்டது, இரவில் இடம் தெரியாமல் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பயம் தருகிறது. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாலும் இப்படித் தடுமாறலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்லும் கட்டளையை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் அவசரம் குறையும். ஆனால் உமிழ்நீருக்கும் குடலுக்கும் மூளைக்கும் போகும் அதே கட்டளையும் தடைபடும். வயதானவர்களுக்கு மூளைப் பாதிப்பு கூடுதலாகத் தெரியும். தடிமனுக்கு பாமசியில் வாங்கும் குளோர்பெனிரமினும் இதே வேலையைச் செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தாலோ சிறுநீர் முழுதாக வெளியேறாவிட்டாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

மிராபெக்ரோன் என்ற இன்னொரு மருந்து வேறு வழியில் சிறுநீர்ப்பையைத் தளர்த்துகிறது, வாய் அவ்வளவு வறளாது. ஆனால் பிரஷரை ஏற்றலாம். அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ மட்டும் கசிகிறதென்றால் இந்த மருந்துகள் பெரிதாக உதவாது. சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சிதான் முதலில். பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம், மலச்சிக்கல் கூடும். மாலைக்குப் பிறகு தேத்தண்ணியை மட்டும் குறைத்தால் போதும்.